சடையன்குளம் நேர்வு

சட்டப்பேரவைச் செயலகத்தின் மூத்த அலுவலர்களுக்கான தலைமைப்பண்புப் பயிற்சியில், ஐந்தாம் நாள் காலை, இந்த ஆண்டு ஆளுக்கொரு நீர்நிலையை அடுத்த ஊர் வரை நடத்திச் செல்ல வேண்டும். பயிற்சிக் கையேட்டின் பதினோராம் பக்கத்தில் இது இருக்கிறது. முதல் நான்கு நாளும் வெறும் வகுப்புதான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார்கள்.

இணைச் செயலாளர் அங்கயற்கண்ணிக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. அவளுக்கு இது மூன்றாவது முறை. முதல் முறை ஒரு படிக்கட்டைக் கொடுத்தார்கள். அது மூன்றடி நடந்துவிட்டு உட்கார்ந்துகொண்டது. போன ஆண்டு கொடுத்தது மூடுபனி. அது பாதி வழியில் வேறொரு குழுவோடு சேர்ந்துகொண்டு போய்விட்டது. மூன்றாவது முறையும் தவறினால் சிலைப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். வளாகத்துச் சிலைகளுக்குக் காலையும் மாலையும் வருகைப்பதிவு எடுக்கும் வேலை. மோசமான வேலை என்று சொல்ல முடியாது, சிலைகள் விடுப்பே எடுப்பதில்லை. ஆனால் நான்கு ஆண்டுகளுக்கு முன் அங்கே போன கோமதிநாயகத்தின் தோளில் இப்போது புறாக்கள் உட்காருகின்றன. அவர் விரட்டுவதில்லை. அங்கயற்கண்ணிக்கு ஓய்வுபெற இன்னும் மூன்று ஆண்டு இருந்தது. கணவரோடு தினமும் போட்டாக வேண்டிய சண்டை ஒன்றும் இருந்தது. அதைக் கல்லாக நின்று போட முடியாது.

அவளுக்குக் குரல் போதாது என்பதுதான் சிக்கல். முப்பத்தொரு ஆண்டுகள் பேரவைத் தலைவரின் இருக்கைக்குப் பின்னால் ஓரடி தள்ளி நின்று, அவர் காதில் மட்டும் விழும்படி பேசிப் பேசி, குரல் அந்த அளவிலேயே நின்றுவிட்டது. தெருவில் போகும் கீரைக்காரரைக் கூப்பிடக்கூடக் கணவர்தான் எழுந்து வர வேண்டும்.

ஐந்தாம் நாள் காலை ஒன்பதரைக்குத் துணைச் செயலாளர் கௌஸ் மொகிதீன் முதலில் கிளம்பினார். அவருக்கு இடி மாதிரிக் குரல். "கிளம்பு" என்று ஒரே அதட்டல்தான். அவருக்கு ஒதுக்கிய ஊருணி வாயைத் திறக்காமல் அவர் பின்னாலேயே போனது. அடுத்து அங்கயற்கண்ணியின் முறை. அவளுக்கு ஒதுக்கப்பட்டது சடையன்குளம். நான்கு ஏக்கர், நிறைய அல்லி, கொஞ்சம் வாத்து. இரண்டு கல் தொலைவில் இருக்கும் மணலூரணிப்பட்டி வரை அது நடக்க வேண்டும்.

"முன்னால போய் நில்லுங்க மேடம், சத்தமா கூப்பிடுங்க" என்றார் பயிற்றுநர் எபநேசர்.

அவள் முன்னால் போய் நின்று கூப்பிட்டாள். பக்கத்தில் நின்ற எபநேசருக்கே கேட்கவில்லை. குளம் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. பத்து நிமிடம் போயிற்று. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்கே நிற்பதென்று தெரியாமல், பழக்கதோஷத்தில் குளத்துக்குப் பின்னால் போய், ஓரடி தள்ளி நின்றாள். உடனே மூச்சு சீரானது.

"ஐயா, கிளம்பலாங்களா?" என்றாள் வழக்கமான குரலில்.

குளத்துக்கு அது நன்றாகக் கேட்டது. "இதுக்கு முன்னால யாராச்சும் இப்படிப் போயிருக்காங்களா?"

அங்கயற்கண்ணிக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. அவையில் அமளி எழும்போதெல்லாம் எட்டு பேரவைத் தலைவர்கள் அவளிடம் கேட்ட கேள்வி இது ஒன்றுதான்.

"இருக்குங்க ஐயா. இன்னிக்குக் காலையில ஒன்பதரைக்கு, பக்கத்து ஊருணி."

"அது குடிதண்ணி ஊருணி. நான் பாசனக் குளம். எனக்குப் பொருந்தாது."

குளம் சொன்னது சரி. அங்கயற்கண்ணி அவைத் தலைவராக இருந்திருந்தாலும் அப்படித்தான் தீர்ப்பளித்திருப்பாள். மனதுக்குள் அவைக் குறிப்புத் தொகுதிகள் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தாள். எந்தப் பாசனக் குளமும் எங்கேயும் போனதாகக் குறிப்பு இல்லை. ஏதாவதொரு தேதியைச் சொல்லிவிடலாம். குளம் நூலகத்துக்குப் போய்ச் சரிபார்க்கப் போவதில்லை. சிலைப் பிரிவின் புறாக்கள் கண்முன்னால் வந்து போயின. ஆனாலும் பொய்த் தேதி அவள் வாயில் வரவில்லை.

"இல்லீங்க ஐயா" என்றாள். "முன்னுதாரணம் கிடையாது. நீங்க போனீங்கன்னா, இனிமே வர்றவங்களுக்கு நீங்கதான் முன்னுதாரணம்."

 குளம், சேற்றில் இறங்குகிறவர் வேட்டியைத் தூக்கிக்கொள்வதுபோல் கரையை நாலு பக்கமும் லேசாகத் தூக்கிக்கொண்டு, சாலையில் ஏறியது.

வழியில் பெரிய தொந்தரவில்லை. ஒரு மணல் லாரி விடாமல் ஒலியெழுப்பியபோது குளம் தயங்கி நின்றது. "அது குறுக்கீடுங்க ஐயா, குறிப்பில ஏறாது" என்றாள். குளம் நடந்தது. வாத்துகள் ஒரு முறை வெளிநடப்புச் செய்தன. ஐந்து நிமிடத்தில் தாமாகவே திரும்பி வந்தன. மணலூரணிப்பட்டியில் பள்ளம் வெட்டித் தயாராக வைத்திருந்தார்கள். குளம் இடம் பார்த்து, மெதுவாக இறங்கி அமர்ந்தது.

எபநேசர் படிவத்தை எடுத்தார். அதில் குளத்தின் வாக்குமூலத்துக்கு ஒரு கட்டம் உண்டு. "உங்களை யார் நடத்திக்கிட்டு வந்தாங்க?"

"யாரும் இல்ல. நானாத்தான் வந்தேன்" என்றது குளம். "அந்தம்மா கூட வந்தாங்க."

எபநேசரின் பேனா நின்றது. "இப்படிச் சொல்லுதே மேடம். நான் எப்படித் தேர்ச்சி போடுறது?"

அங்கயற்கண்ணி பதறவில்லை. இதற்கு அவளிடம் முன்னுதாரணம் இருந்தது. "எட்டு பேரவைத் தலைவர்களும் என்னைப் பத்தி இதையேதான் சார் சொல்லியிருக்காங்க."

எபநேசர் யோசித்தார். கையேட்டைப் புரட்டினார். பிறகு தேர்ச்சி என்று எழுதி, தேதி போட்டு, முத்திரை குத்தினார். அப்பாடா என்று அவள் அந்தக் கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு ஆண்டாக நெஞ்சில் இருந்த பாரம் எங்கே போனதென்றே தெரியவில்லை. வீட்டுக்குப் போனதும் கணவரோடு அரை மணி நேரம் ஆசை தீரச் சண்டை போட்டாள்.

திங்கட்கிழமை பத்தரை மணிக்கு, பார்வையாளர் அறையில் ஒரு மலை காத்திருப்பதாகச் சொன்னார்கள். நடுத்தர உயரம், நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. ஆற்றுக்கு அக்கரைக்குப் போய் இருந்துகொள்ள அனுமதி கேட்டு மனு கொண்டுவந்திருந்தது. மனுவின் தலைப்பில் 'பார்வை: அங்கயற்கண்ணி, சடையன்குளம் நேர்வு' என்று இருந்தது.

அவள் அந்த வரியை இரண்டு முறை படித்தாள். அவைக் குறிப்பில் ஊழியர் பெயர் ஏறுவதில்லை. முப்பத்தொரு ஆண்டில் அவளை எவரும் மேற்கோள் காட்டியதில்லை.  சந்தோஷமாக இருந்தது. ஓரத்தில் 'பொருந்தும்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

உடன் வருவோர் என்ற இடத்தில் ஒரு முருகன் கோயில், இரண்டு செல்போன் கோபுரங்கள், அறுபது குரங்குகள் என்று மலை நிரப்பியிருந்தது. குரங்குகளிடம் மட்டும் அடையாள அட்டை கேட்டாள். ஐம்பத்தொன்பது குரங்குகள் காட்டின. அறுபதாவது தற்காலிகப் பணியில் இருப்பதாகவும் அட்டை இன்னும் வரவில்லை என்றும் மலையே எழுதிக் கொடுத்தது. அவள் அதையும் கோப்பில் சேர்த்துக்கொண்டாள்.