பொட்டு வைக்காத மெஷின்

ஆயுத பூஜை அன்று, பொட்டு வைத்த எதையும் பூசணிக்காய் உடைக்கும்வரை ஓட்டக் கூடாது. தாம்பரத்தில் எத்திராஜுலுவின் பஸ் கம்பெனியில் இது சட்டம். ஸ்பேனர், ஜாக்கி, டயருக்குக் காற்றடிக்கும் மெஷின், பஸ்கள் எல்லாம் இதில் அடக்கம். டிக்கெட் விற்கும் கம்ப்யூட்டருக்கு மட்டும், அதைப் பார்த்துக்கொள்ளும் ஜெபின் விலக்கு வாங்கி வைத்திருந்தான்.

இந்த வருடம் விலக்கு இல்லை என்று பூஜைக்கு முந்தின நாள் சொன்னார் முதலாளி.

"போன வர்சம் அதுக்குப் பூஜை போடல. தையில டிஸ்க் பூட்ச்சு."

"அது பழைய டிஸ்க் சார்."

"என் பஸ்ஸு மட்டும் புதுசா? ஓடலியா?"

ஜெபினுக்குப் பூஜைக்கு மறுநாள் காலை நாகர்கோவிலில் நிச்சயதார்த்தம். விஜயதசமி என்றால் எல்லோருக்கும் லீவு என்று இரண்டு சி.எஸ்.ஐ. குடும்பங்களும் சேர்ந்து அந்த நாளைக் குறித்திருந்தன. ரயில்கள் எப்போதோ நிரம்பிவிட்டன. பூஜை அன்று மாலையில் பெருங்களத்தூரிலிருந்து கிளம்பும் கம்பெனியின் ஸ்பெஷல் பஸ்தான் வழி. ஸ்பெஷல் பஸ்ஸின் சீட்டுகள் அன்று மதியம்தான் விற்பனைக்கு வரும்.

"நாளிக்கு மத்தியானம் சேல்ஸ் தொறக்கணும். தொறக்கலன்னா நீ ஊருக்குப் போவாத. நிச்சயத்த வீடியோ கால்ல வெச்சுக்க," என்றார் எத்திராஜுலு.

"அப்ப பூஜை?"

"பூஜையும் நடக்கணும்."

ஜெபின் யோசித்தான்.

"ஒரு வழி இருக்கு சார். நம்ம பெருங்களத்தூர் ஆபீஸ்ல இதோட காப்பி இருக்கு. இதை அணைச்சிட்டு அதை ஓட்டலாம். இது பூஜையில இருக்கட்டும்."

"அங்க இருக்கறது இன்னா மெஷினு?"

"மெஷின் இல்ல சார். விஎம். மெஷின் மாதிரி வேலை செய்யும், ஆனா வெறும் ஃபைல். இந்த ஸ்டோரேஜ் பெட்டியில இருக்கிற ஃபைல்ல என்ன மாறினாலும், அங்க இருக்கிற பெட்டி அப்படியே எழுதிக்கும்."

"ஒடம்பு இல்லன்ற."

"இல்ல சார்."

"அப்ப பொட்டு எங்க வெக்கிறது?"

"பெட்டி மேல வைங்க."

மறுநாள் எத்திராஜுலு வைத்தார். சந்தனம், அதன்மேல் குங்குமம். காற்றுத் துளைகளை மட்டும் விட்டுவிடும்படி ஜெபின் கேட்டுக்கொண்டான். விட்டுவிட்டார். விரலைத் துண்டில் துடைத்தபடி பெட்டியைப் பார்த்தார்.

"இங்க எழுதறது எல்லாம் அங்க பூடுமா?"

"எல்லாம் போகும் சார்."

"இந்தப் பொட்டு?"

ஜெபின் பொய் சொல்லியிருக்கலாம்.

"போகாது சார்."

எத்திராஜுலு தலையாட்டிவிட்டு வெளியே போனார்.

இடம் மாற்றும்போது ஃபைலில் யாரும் எதையும் எழுதக் கூடாது. அதற்காக முந்தின மாலையே ஜெபின் எல்லா விற்பனையையும் மூடியிருந்தான். ஊழியர்கள் யாரும் தங்களுக்கென்று சீட் போட்டுக்கொள்ளக் கூடாது என்று வாட்ஸப்பில் எச்சரித்திருந்தான். பிறகு காலையில் தனக்கு ஒரு சீட் போட்டுக்கொண்டான். நாகர்கோவில் வழியாக மார்த்தாண்டம் போகும் ஸ்பெஷல் பஸ், ஒன்பதாம் நம்பர், ஜன்னலோரம். மெசேஜை மணப்பெண் ஜெரூஷாவுக்கு அனுப்பினான்.

"நீங்க வருவீங்களா, காப்பி வருமா?" என்று பதில் வந்தது. ஜெரூஷா பள்ளியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் டீச்சர்.

மதியத்துக்குச் சற்று முன்பு தாம்பரம் பெட்டியை அணைத்தான். பெருங்களத்தூர் காப்பியை ஓடவிட்டான். ஓடியது. முகம் கழுவப் போனான்.

திரும்பி வந்தபோது போன் அதிர்ந்துகொண்டிருந்தது. மதியமாகிவிட்டது, எதுவும் திறக்கவில்லை என்று ஏஜெண்டுகள் கத்தினார்கள். ஜெபின் பெருங்களத்தூர் புக்கிங் ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் எல்லம்மாவைக் கூப்பிட்டான்.

"எல்லம்மாக்கா, அங்க பெட்டி ஓடுதா?"

"இன்னாத்துக்கு ஓடணும்? பூஜைல கீது."

"யார் வெச்சாங்க?"

"நாந்தான். மொதலாளி போன் போட்டாரு. அங்க வெச்ச பொட்டு இங்க வராதாமே, நீயே ஒண்ணு வெச்சுடுன்னாரு. வெச்சேன். பொட்டு வெச்ச பொருளு ஓடலாமா? சுச்ச அமுக்கிட்டேன்."

"வயர் இருக்கா?"

"அத்தையும் புடுங்கிட்டேன். மால போட எடம் வோணாவா?"

"அக்கா, இப்பவே ஆன் பண்ணுங்க."

"பூசணிக்கா ஒடையட்டும்."

"எப்ப உடையும்?"

"குருக்களு வந்தாத்தான். ரெண்டு ஆபீஸுக்கும் அவுரு ஒருத்தருதான. மொதல்ல உங்களாண்ட, அப்பால எங்களாண்ட. இரும்புலியூராண்ட டிராஃபிக்ல மாட்டிகினு கீறாராம்."

ஜெபின் முதலாளியிடம் ஓடினான். எத்திராஜுலு பஸ் சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் எண்ணிக்கொண்டிருந்தார்.

"சார், நம்ம பெட்டியையாவது போட்டுரலாம்."

"கற்பூரமே காட்டல. அங்க போடச் சொல்லு."

அங்கே சொன்னான்.

"மொதலாளி அவுரு பொட்டிய போடட்டும், நான் என்னுத போடறேன்," என்றாள் எல்லம்மா.

இங்கே வந்து சொன்னான். எத்திராஜுலு மேலும் ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து வைத்தார்.

"நீ ஊருக்குப் போற மாதிரி தெரியல," என்றார்.

ஜெபின் நடைபாதையில் நின்றான். அக்கவுண்ட்ஸ் அறையின் கதவு சாத்தியிருந்தது. ஆயுத பூஜை அன்று அது எப்போதும் சாத்தியிருக்கும். உள்ளே ரோஸி மேடம் இருப்பார். பெந்தேகோஸ்தே சபை. ஜெபினாவது பொரி சாப்பிடுவான். ரோஸி மேடம் அதையும் தொடமாட்டார்.

அவர் மேஜைக்கடியில் மூன்றாவது பெட்டி ஒன்று இருந்தது. தினமும் இரவு எடுக்கும் பேக்கப் அதில்தான் போய்ச் சேரும். பேக்கப்பை சர்வர் இருக்கும் அறையில் வைக்கக் கூடாது. பூட்டுள்ள வேறு அறை இது ஒன்றுதான்.

கதவைத் தட்டினான்.

"மேடம், உங்க கம்ப்யூட்டருக்குப் பொட்டு வெச்சுட்டாங்களா?"

"வாசல் வரைக்கும் தட்டோட வந்தாங்க பிரதர். வேண்டாம்னுட்டேன்."

"கீழ இருக்கிற பெட்டிக்கு?"

"அது என் காலடியிலதானே இருக்கு. அதுக்கும் இல்ல."

"ஸ்தோத்திரம்," என்றான் ஜெபின். அந்த வார்த்தையை அவன் இவ்வளவு மனதாரச் சொன்னதில்லை.

எத்திராஜுலுவிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது.

"அதுக்குப் பொட்டு வெச்சாச்சா?"

"மேடம் வைக்க விடல சார்."

"அப்ப தாராளமா ஓட்டு."

பேக்கப்பிலிருந்த விஎம்மை ரோஸி மேடத்தின் கம்ப்யூட்டரில் எழுப்பினான். அது முனகியது. மின்விசிறி சத்தம் போட்டது. பிறகு ஓடியது. விற்பனையைத் திறந்தான். கம்பெனியில் பொட்டில்லாத ஒரே கம்ப்யூட்டர் சீட்டுகளை விற்கத் தொடங்கியது. ஏஜெண்டுகளின் போன் நின்றது.

ஜெபின் நாற்காலியில் சாய்ந்தான்.

உடனே நிமிர்ந்தான்.

இது நேற்று இரவின் நகல். அதற்குப் பிறகு எழுதப்பட்டது எதுவும் இதில் இருக்காது. அதற்குப் பிறகு எழுதப்பட்டது ஒன்றே ஒன்று. அதை எழுதியவன் அவன்.

ஸ்பெஷல் பஸ்ஸின் பக்கத்தைத் திறந்தான். எல்லாச் சீட்டும் விற்றிருந்தன. ஒன்பதாம் நம்பர் இளஞ்சிவப்பாக இருந்தது. பெண் பயணி. ரத்தினபாய், மார்த்தாண்டம்.

"யாரு பிரதர் அது?"

"என் சீட்ல இருக்கிறவங்க."

ரத்து செய்யும் பொத்தான் பக்கத்திலேயே இருந்தது. மௌஸை அதன்மேல் கொண்டுபோனான். ரோஸி மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனையே பார்த்தார்.

"நான் ஒண்ணும் சொல்லல பிரதர்," என்றார்.

ஜெபின் மௌஸிலிருந்து கையை எடுத்தான்.

பையோடு பெருங்களத்தூர் போய்ச் சேர்ந்தபோது சாலை முழுவதும் பஸ்ஸாக இருந்தது. குருக்கள் யாருடைய பைக்கிலோ வந்து இரண்டு பூசணிக்காய்களையும் முடித்துவிட்டுப் போயிருந்தார். ஸ்பெஷல் பஸ்ஸில் வாழைக்கன்று கட்டியிருந்தது. ஒன்பதாம் சீட்டில் ஓர் அம்மாள் போர்வையை விரித்து உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, இது என் சீட்."

"எனக்க சீட்டாக்கும் மக்களே. பாரு."

போனைக் காட்டினார். ஜெபினும் காட்டினான். எல்லம்மா ஏறிவந்து இரண்டையும் வாங்கிப் பார்த்தாள்.

"ரெண்டும் நம்ம கம்பெனி மெசேஜிதான். ரெண்டும் ஒம்போதுதான்."

"நான்தான்கா முதல்ல போட்டேன். உங்க பெட்டியை இப்ப ஆன் பண்ணியிருப்பீங்களே. அதுல பாருங்க."

"பாத்துட்டுதான் வரேன். அதுல உன் பேருதான் கீது. ரோஸிம்மா கம்ப்யூட்டர்ல இவங்க பேரு கீது. பொட்டி மூணு வெச்சுகினே, எல்லாத்துக்கும் காப்பி எடுத்துகினே. பஸ்ஸு ஒண்ணுதான கீது தம்பி?"

"நீ எங்க ஜோலி பாக்க மக்களே?" என்றார் ரத்தினபாய்.

"இந்தக் கம்பெனியிலதான்."

"பின்ன நீதானே எழும்பணும்?"

அவன் நின்றுகொண்டுதான் இருந்தான்.

டிரைவர் அன்பு கேபினிலிருந்து எட்டிப் பார்த்தார். "பேஜார் பண்ணாத மச்சான். இங்க வந்து குந்து. மொதலாளி கேட்டா கிளீனர்னு சொல்லிடறேன்."

ஜெபின் கேபினுக்குப் போனான். இன்ஜின் மூடியின்மேல் ஒரு சாக்கு விரித்திருந்தது. சூடாக இருந்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பஸ் நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. ஜெரூஷா கூப்பிட்டாள்.

"கிளம்பியாச்சா?"

"கிளம்பியாச்சு."

"ஒன்பதாம் சீட்தானே? ஜன்னல் பக்கம்?"

"ஆமா."

"வசதியா இருக்கா?"

ஜெபின் திரும்பிப் பார்த்தான். ரத்தினபாய் ஜன்னலைத் திறந்துவிட்டுக் காலை நீட்டியிருந்தார்.

"ரொம்ப வசதியாத்தான் இருக்காங்க," என்றான்.