டிசம்பர் இருபத்திரண்டு

குணேஸ்வரி வேட்டியை மூன்றாவது தடவையாக மினுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு சுருக்கமும் இல்லை. இறுதிச் சடங்கு நடத்துகிற மலர்ச்சாலைக்காரர் நாலு மணிக்குள் உடுப்பைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். ஆனால் மினுக்கியைக் கீழே வைத்தால் அடுத்து என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. புருஷன் அருமைராசா ஆஸ்பத்திரியில் கண்ணை மூடி ஒரு நாள் ஆகப்போகிறது. உயிரோடு இருந்தபோது அந்த மனிதர் மினுக்கின சட்டை போட்ட நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அவளுடைய தமையன் நகுலேஸ்வரன் கதவைத் திறந்துகொண்டு வந்தார். பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே கைபேசியை நீட்டினார்.

"பிள்ளை, பஞ்சாங்கம் பாத்தனான். இன்னும் மார்கழிதான் நடக்குது. புதன்கிழமைதான் தை பிறக்குது. அண்டைக்குத்தான் உத்தராயணம். நாளைக்கு எரிக்கிறதை வியாழனுக்கு மாத்துவம். போனது தட்சிணாயனத்திலை, அதுக்கு ஒண்டும் செய்யேலாது. எரிக்கிறதாவது நல்ல காலத்திலை நடக்கட்டும்."

குணேஸ்வரி வேட்டியை மறுபக்கம் திருப்பிப் போட்டாள். மகள் நிருஷா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"மாமா சொல்லி நான் மலர்ச்சாலைக்குப் போன் பண்ணிக் கேட்டனான், அம்மா. ஒரு கிழமை எண்டாலும் வைச்சிருப்பினமாம். நீங்கள்தான் சொல்லோணும்."

யாழ்ப்பாணத்தில் என்றால் இந்தப் பேச்சே எழாது. அங்கே வெயில் யாரையும் காத்திருக்க விடாது. மொன்றியலில் குளிர்ப்பெட்டி இருக்கிறது, ஆளை உள்ளே வைத்துவிட்டு ஆறுதலாக நாள் பார்க்கலாம். நகுலேஸ்வரனும் மகளுக்குக் கலியாண நாள் பார்க்கிறவர் மாதிரிப் பார்த்துக்கொண்டு வந்துவிட்டார். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. மச்சான்மேல் அவருக்கு உயிர்.

காலையிலிருந்து தொலைபேசியிலும் இதே கதைதான். டொரொன்டோ, லண்டன், கொக்குவில் என்று எங்கிருந்து பேசினாலும் முதலில் அழுதார்கள், பிறகு திகதியைக் கேட்டார்கள், கேட்டதும் பெருமூச்சு விட்டார்கள். "ஐயோ, இன்னும் அஞ்சு நாள் தாங்கியிருந்தா உத்தராயணம். பாவம் மனுசன்." கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவரைப் பற்றிக் கதைப்பதுபோலக் கதைத்தார்கள். முப்பத்தெட்டு வருஷத்தில் குணேஸ்வரி அவரை ஏசாத ஏச்சு இல்லை. ஆனாலும் வேறொருவர் அவரைப் 'பாவம்' என்று சொல்வதை அவளால் பொறுக்க முடியவில்லை. செத்த பிறகு ஊர் இரங்குகிற அளவுக்கு அந்த மனிதர் எதிலே குறைந்துபோனார்?

அதுவும் வெளிச்ச விஷயத்தில்.

அருமைராசாவுக்கு ஒரு விசர் இருந்தது. கனடாவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் துறைமுகத்துப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை. விடிய முன் உள்ளே போனால் இருட்டிய பிறகுதான் வெளியே வருவார். திங்களிலிருந்து வெள்ளிவரை சூரியன் எப்படி இருக்கும் என்றே தெரியாது. அந்தக் கோபத்தில், பஸ் தரிப்பில் நின்று தெரு விளக்கு எத்தனை மணிக்குப் பற்றுகிறது என்று பார்க்கத் தொடங்கினவர்தான். அதன் பிறகு முப்பத்தைந்து குளிர்காலம் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

வருஷா வருஷம் டிசம்பர் இருபத்திரண்டாம் திகதி தொலைபேசியை எடுத்துவிடுவார். டாக்ஸி ஓட்டுகிறவர்கள், ஹோட்டலில் அறை துடைக்கிற பெண்கள், போன மாதம் வந்திறங்கின அகதிகள் என்று யார் யாரோ. "நான் அருமைராசா. முடிஞ்சுது. இண்டையோடை இருட்டு திரும்பிட்டுது. இனி ஏறுமுகம்தான்." அவ்வளவுதான், வைத்துவிடுவார். கட்டடத்தைப் பராமரிக்கிற கிழட்டு பிரெஞ்சுக்காரனையும் படிக்கட்டில் மறித்து, "நுவார், ஃபினி" என்பார். இருட்டு முடிந்தது என்று சொல்ல அவரிடம் இருந்த பிரெஞ்சு அவ்வளவுதான். குணேஸ்வரிக்கு வெட்கமாக இருக்கும். "பெரிய வானிலை இலாகா" என்று முணுமுணுப்பாள்.

இந்தத் தடவை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அதைச் செய்தார். குரல் பாதிதான் வந்தது. அவள் இலக்கத்தை அழுத்தி அவருடைய வாயருகே பிடிக்க வேண்டியிருந்தது. முப்பத்தொரு பேருக்குச் சொல்லி முடிக்க இரண்டு நாள் எடுத்தது.

"ஒரு வருசம் நீங்கள் சொல்லாட்டி சூரியன் திரும்பாதோ?" என்று ஏசினாள்.

"அது திரும்பும். சனத்துக்குத் தெரியோணுமே" என்றார்.

இப்போது வாசலில் தமையன் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார். பூட்ஸிலிருந்த பனி கரைந்து கம்பளத்தில் இறங்கியது. அப்போது கதவு மணி அடித்தது. வந்தவன் டனிஸ்ரன், துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டுகிறவன், நாற்பது வயதிருக்கும். செத்த வீட்டில் அடுப்பு எரியாதென்று மனைவி கொடுத்துவிட்ட இடியப்பப் பெட்டி கையில் இருந்தது. அதை நிருஷாவிடம் கொடுத்துவிட்டு உட்காராமல் நின்றான். குணேஸ்வரிக்கு அவனை முகம் தெரியும், அதற்குமேல் தெரியாது.

"அக்கா, அண்ணை உங்களுக்குச் சொல்லியிருப்பாரோ தெரியாது" என்றான். "நான் வந்த முதல் வருசம், மூண்டு கிழமை கட்டிலை விட்டு எழும்பேல்லை. வேலையும் போயிட்டுது. யன்னலைக் கம்பளியாலை மூடிப்போட்டுக் கிடந்தனான். செத்துப்போவம் எண்டுதான் யோசிச்சுக்கொண்டிருந்தனான். அண்ணைக்கு என்ரை நம்பரை ஆர் குடுத்ததோ தெரியாது. ஒரு நாள் கோல் எடுத்தார். 'தம்பி, இண்டைக்கு நாலு இருவத்தெட்டுக்குப் பொழுது பட்டது' எண்டார். வைச்சிட்டார். ஆரோ விசர் மனுசன் எண்டு நினைச்சன். அடுத்த நாளும் எடுத்து, 'நாலு இருவத்தொம்பது' எண்டார். அண்டையிலையிருந்து பெப்ரவரி முடியுமட்டும் ஒரு நாளும் விடேல்லை. பேந்து நானே கம்பளியை விலத்திப் பாக்கத் துவங்கினன், இந்த ஆள் சொல்லுறது சரியோ எண்டு."

"சரியா இருந்ததோ?" நிருஷா கேட்டாள்.

"ஒரு நிமிசம் பிழைக்காது."

குணேஸ்வரிக்கு அந்தக் குளிர்காலம் நினைவு வந்தது. பின்னேரமானால் மனிதர் கோட்டை மாட்டிக்கொண்டு பல்கனிக்குப் போய்விடுவார். களவாக சிகரெட் பிடிக்கிறார் என்று நினைத்து அவள் இரண்டு மாதமாக அந்தக் கோட்டை மோந்து பார்த்தாள். ஒரு நாளும் மணம் பிடிபடவில்லை. கெட்டிக்காரன், கோட்டை நன்றாக உதறிவிட்டு வருகிறான் என்று எண்ணியிருந்தாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அழுகை வந்தது. ஆனால் அதற்கு முன்னாலேயே நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. இந்த மனிதரோடுதான் நான் இவ்வளவு காலம் குடும்பம் நடத்தினேன் என்று ஏழாம் மாடிவரை கேட்கக் கத்த வேண்டும்போல ஒரு பெருமை.

மினுக்கியின் வயரைப் பிடுங்கினாள்.

"அண்ணை, நாளைக்கே வைப்பம்."

"பிள்ளை, சனம் ஒரு கதை கதைக்கும்."

"சனத்துக்கு நான் சொல்லுறன். நேற்று நாலு இருவதுக்கு, 'ரோட்டு லைற் பத்திட்டுதோ' எண்டு கேட்டவர். நான் யன்னலாலை பாத்தனான். பத்தேல்லை. 'இல்லை' எண்டன். 'பாத்தியே' எண்டார், தான்தான் அதைப் பத்தவிடாமல் பிடிச்சு வைச்சிருக்கிறவர் மாதிரி. அதுக்குப் பேந்து கதைக்கேல்லை. போன மாசம் அந்த நேரம் எல்லா லைற்றும் பத்தியிருக்கும், அண்ணை. அவர் இருட்டிலை போகேல்லை. வெளிச்சம் கூடுற நாளிலைதான் போனவர். பெட்டிக்குள்ளை கிடந்து காத்திருக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை."

"அப்ப பஞ்சாங்கம் பொய்யோ?"

"பொய்யெண்டு நான் சொல்லேல்லை. பொங்கலுக்கு அதைப் பாப்பம். இவர் இந்த மொன்றியல் தெருவிலை நிண்டு முப்பத்தைஞ்சு வருசம் கண்ணாலை பாத்தவர்."

நகுலேஸ்வரன் கைபேசியை அணைத்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு குனிந்து பூட்ஸைக் கழற்றிவிட்டு அவளருகே வந்தார்.

"ஐயருக்கு நான் சொல்லுறன்" என்றார். "வேட்டியைத் தா, கொண்டுபோய்க் குடுத்திட்டு வாறன்."

மறுநாள் ஐம்பது பேர்தான் வருவார்கள் என்று மலர்ச்சாலைக்காரரிடம் சொல்லியிருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கே அவர்கள் நடுத் தட்டியை விலக்கிப் பக்கத்து மண்டபத்தையும் திறந்துவிட வேண்டியதாயிற்று. வசதியானவர்கள் வாழ்கிற புறநகர் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவிலிருந்து வந்த டாக்டர் குடும்பமும் இரவு வேலை முடித்து உறங்காமல் வந்த பெண்களும் ஒரே வரிசையில் நின்றார்கள். கட்டடத்துப் பிரெஞ்சுக்காரன் எங்கேயோ ஒரு கழுத்துப் பட்டியைத் தேடிக் கட்டிக்கொண்டு வந்து குணேஸ்வரியின் கையைப் பிடித்தபடி வெகு நேரம் நின்றான். பெட்டியருகே வந்த பலர், எந்த வருஷம் எந்த இடத்தில் நின்று அவருடைய அழைப்பை எடுத்தார்கள் என்று அவளிடம் சொன்னார்கள். அவள் ஒவ்வொருவரையும் நிறுத்தி முழுதாகக் கேட்டாள்.

ஒரு தூரத்து உறவுக்காரி வந்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் மூண்டு நாள்தானே இருந்தது உத்தராயணத்துக்கு" என்று தொடங்கினாள்.

குணேஸ்வரி வாயைத் திறக்கமுன் தமையன் முந்திக்கொண்டார். "ஆர் சொன்னது? இந்த ஊரிலை அது டிசம்பர் இருபத்திரண்டே திரும்பிட்டுது. தெரியாட்டி அங்கை நிக்கிற தம்பி டனிஸ்ரனைக் கேளுங்கோ." நேற்றைக்குத் தானே கண்டுபிடித்தவர்போல அவ்வளவு அதட்டலாகச் சொன்னார். உறவுக்காரி அடுத்த ஆளிடம் போய்விட்டாள்.

எல்லாம் முடிந்து வெளியே வர மூன்றரை ஆகிவிட்டது. நகுலேஸ்வரன் காரை ஓட்டினார், குணேஸ்வரி முன்னால் இருந்தாள், நிருஷா பின் இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நெடுஞ்சாலை மேற்கே திரும்பியதும், கட்டடங்களுக்கு நடுவிலிருந்து வெயில் நேராக முகத்தில் அடித்தது. தங்கச்சிக்குக் கண் கூசும் என்று நகுலேஸ்வரன் ஒரு கையை நீட்டி, அவள் பக்கத்து வெயில் மறைப்பை இறக்கிவிட்டார்.

குணேஸ்வரி அதைத் திரும்ப மேலே தள்ளிவிட்டாள்.