பார்வோனுக்குச் செய்த பொம்மை

நாய்க்குட்டி வருவதற்கு முன்பே அதன் வீடு வந்துவிட்டது. சாலமோன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், ஒரு இரும்பு ரோலிங் மில்லில் கிரேனுக்குக் கை சிக்னல் காட்டுகிறவன். மில்லில் கழித்துப்போட்ட தகடுகளைக் கேட்டு வாங்கிவந்து, வெல்டிங் வைத்து, கொல்லையில் கூண்டு ஒன்றை எழுப்பினான். கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்தப் போர்ஷனுக்குத் தனி மீட்டர் போடணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவன் மனைவி ஏஞ்சலினுக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஏங்க, வர்றது குட்டிதானே?"

"குட்டிதான். வளரும் இல்ல?"

"எது வரிக்கும்?"

வாங்கிவந்த சங்கிலியைக் காலால் ஒதுக்கப் பார்த்தான். சங்கிலி அசையவில்லை.

நாய் வேண்டும் என்று அவன் முடிவு செய்ததற்குக் காரணம் இருந்தது. தெருவில் தண்ணீர் மோட்டார்களாகத் திருடு போய்க்கொண்டிருந்தன. அவனுக்கு நைட் ஷிப்ட் வந்தால் வீட்டில் ஏஞ்சலின் தனி. "உனக்கோசரந்தான் ஏஞ்சலு" என்றான். அந்த வார்த்தைக்கு அவள் தலையாட்டிவிட்டாள்.

ஊத்துக்கோட்டை தாண்டி ஒரு மாந்தோப்பில் நாய் வளர்த்து விற்கிறவர் சடையப்பன். இருவரும் போய்ப் பார்த்தார்கள்.

"நைனா, இது துருக்கி ஜாதி. அங்க ஓநாய வெரட்டறதுக்கு வெச்சிருப்பாங்க. வந்த அன்னிக்கே பாடத்த ஆரம்பிச்சிடு. திருடன் இப்பிடித்தான் இருப்பான்னு பொம்ம செஞ்சி காட்டு. ஒரு தபா மனசுல வாங்கிச்சின்னா சாவற வரிக்கும் மாறாது."

"கடிக்குமாங்க?" என்று கேட்டாள் ஏஞ்சலின்.

"கடிக்கறதெல்லாம் தெரு நாய் வேல மா. இது புடிச்சிக்கினு நிக்கும். மொதல்ல 'புடி' கத்துக் குடு. அப்பறமா 'வுடு'."

பேசி முடிக்கும் வரை அவர் வலது கையை வேட்டி மடிப்பிலிருந்து வெளியே எடுக்கவில்லை. டீ கொண்டுவந்து வைத்தபோதும் இடது கையால்தான் நீட்டினார். ஏஞ்சலின் அதைப் பார்த்தாள். சாலமோன் குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குட்டி தாயை விட்டுப் பிரிகிற வயது வருவதற்குள் சாலமோன் திருடனைச் செய்து முடித்தான். உடம்புக்கு உமி மூட்டை, தலைக்குப் பழைய ஹெல்மெட். துணிக்கு என்ன செய்வது? அந்தப் பக்கத்தில் எந்த வீட்டிலும் பழைய துணி என்றால் கம்பெனி யூனிபார்ம்தான். தரை துடைப்பதும் அதுதான், தலையணைக்குள் அடைப்பதும் அதுதான். சாலமோன் தன் பழைய நீலச் சட்டையையும் பேண்ட்டையும் பொம்மைக்கு மாட்டி, கொல்லைக் கம்பத்தில் கட்டினான். சட்டைப் பாக்கெட்டின் மேல் அவன் பெயர் நூலில் தைத்திருந்தது.

"பேரையாவது பிரிச்சிடுங்க."

"குட்டிக்குப் படிக்கத் தெரியுமா இன்னா?"

பொம்மை கொஞ்சம் கூடுதலாகவே சாலமோன் மாதிரி அமைந்துவிட்டது. அடுத்த வீட்டுக் குப்பம்மாள் வேலி ஓரமாக நின்று, லாரித் தண்ணீர் எப்போது வரும் என்று அதனிடம் கேட்டாள். பதில் வராமல் கோபித்துக்கொண்டு, "இன்னாடி உன் வூட்டுக்காரன், ஒரு வார்த்த பேசினா வாயில கீற முத்து கொட்டிடுமா?" என்று ஏஞ்சலினிடம் சண்டைக்கு வந்தாள். ஷிப்ட் வேன் டிரைவர் சந்தில் நிறுத்தி ஹாரன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, "வரமாட்டேன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே" என்று திட்டிவிட்டுப் போனார். அன்று சாலமோன் உள்ளே சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தான்.

ஒரு சாயங்காலம் ஏஞ்சலினே காபி டம்ளரை அதன் முன்னால் நீட்டிவிட்டாள். அதற்குப் பிறகு அவள் கொல்லைப் பக்கம் போகும்போதெல்லாம், புருஷன் உள்ளே இருக்கிறானா என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டு போனாள்.

குட்டி வந்த ஷேர் ஆட்டோ ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே வந்து நின்றது. சிம்சோன் என்று பெயர் வைக்கலாம் என்றான் சாலமோன். கர்த்தருடைய ஊழியக்காரன் பெயரை நாய்க்கு வைக்கக் கூடாது என்றாள் ஏஞ்சலின். கர்த்தருடைய ஜனங்களைப் போகவிடாத எகிப்து ராஜாவின் பெயரை, பார்வோன் என்று வைத்தார்கள். பார்வோன் குரைக்கவில்லை. வந்த அன்று பொம்மை எதிரில் உட்கார்ந்து, இருட்டும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் பாடம் தொடங்கியது. சாலமோன் லுங்கியோடு கம்பத்தின் பின்னால் நின்று கயிற்றை இழுத்துப் பொம்மையின் கையை ஆட்டுவான். நாய் ஏஞ்சலினுக்காக என்பதால் 'புடி' சொல்கிற வேலை அவளுக்கு. அவள் மெல்லத்தான் சொன்னாள். பார்வோன் பாய்ந்து பொம்மையின் வலது மணிக்கட்டைக் கவ்விக்கொண்டு அசையாமல் நின்றது. சட்டைக் கை கிழிந்து, உமி கொட்டி, கை கீழே விழுந்த பிறகுதான் வாயைத் திறந்தது. இரவு கையைத் தைப்பார்கள். காலையில் கை விழும்.

"எப்பங்க 'வுடு' கத்துத் தருவீங்க?"

"மொதல்ல நல்லாப் புடிக்கட்டும் ஏஞ்சலு. மில்லுல கூட மொதல்ல தூக்கறதத்தான் கத்துத் தருவாங்க. எறக்கறது தானா வரும்."

குட்டி வாரத்துக்கு வாரம் வளர்ந்தது. முன்தினம் நுழைந்த சந்தில் மறுநாள் நுழைய முடியாமல் திரும்பி வந்தது. சாலமோனைக் கண்டால் காலில் விழுந்து புரளும், லுங்கியை நக்கும். ஒரு நாள் அவன் வேலைக்குப் போகிற யூனிபார்மோடு தட்டிக்கொடுக்கப் போனான். பார்வோன் அவன் பாக்கெட்டைப் பார்த்தது. பொம்மையைப் பார்த்தது. மறுபடி அவனைப் பார்த்தது. சத்தமே இல்லாமல் மேலுதடு தூக்கிக்கொண்டது.

ஏஞ்சலின் அவனை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

அவனுக்கு அது பெருமையாக இருந்தது. "இன்னா புத்தி பாரு! வர்ற திருடனுங்களே யூனிபார்ம் மாட்டிக்கினுதான் வர்றானுங்க. கேட்டா ஷிப்ட் முடிஞ்சி போறேம்பான்."

"நீங்களுந்தான் மாட்டிக்கினு வர்றீங்க."

"நான் இனிமே லுங்கியில போய் லுங்கியில வர்றேன்."

அப்படியே செய்தான். ஹைவே டீக்கடையில் யூனிபார்மை மாற்றிக்கொண்டு மில்லுக்குப் போவான், திரும்பும்போது அங்கேயே லுங்கி கட்டிக்கொண்டு வருவான். ஏஞ்சலினுக்குத் தூக்கம் போயிற்று. கிரேனில் தொங்கும் பாரத்தைத் தூக்கவும் நிறுத்தவும் சிக்னல் காட்டுகிற கை அவனுடைய வலது கை. அந்தக் கைதான் இந்த வீட்டின் சோறு. நாயைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று கெஞ்சினாள். பார்வோனைப் போல ஒரு நாய் திருவள்ளூர் ஜில்லாவிலேயே இல்லை என்றான் அவன்.

மழைக்காலம் தொடங்கியபோது பொம்மை முழுதாகத் தீர்ந்துவிட்டது. கம்பம் மட்டும் நின்றது.

அந்த வாரம் ஒரு பகல். டீக்கடைக்காரர் வீட்டில் சாவு. கடை பூட்டியிருந்தது, லுங்கிப் பை கடைக்குள் இருந்தது. மழையில் நனைந்துகொண்டே சாலமோன் யூனிபார்மோடு வந்து கொல்லைப் படலைத் திறந்தான். துணி எடுக்க வந்த ஏஞ்சலின் அவனைப் பார்த்த அதே கணத்தில் பார்வோனும் பார்த்தது. அதன் சங்கிலி கழன்றிருந்தது.

"டேய் பார்வோன், நாந்தான்டா" என்றான் சாலமோன்.

பார்வோன் பாயவில்லை. நிதானமாக நடந்து வந்து அவன் வலது சட்டைக் கையை நுனிப்பல்லால் பிடித்தது. அவனை மெல்ல இழுத்துக்கொண்டுபோய்க் கம்பத்தில் சாய்த்து நிறுத்தியது. பிறகு சட்டையை விட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தது. அவன் ஒரு விரலை அசைத்தான். உதடு தூக்கிக்கொண்டது. விரல் நின்றது.

பார்வோன் தலையைத் திருப்பி ஏஞ்சலினைப் பார்த்தது. அவள் சொல்ல வேண்டிய வார்த்தைக்காகக் காத்திருந்தது.

அவளுக்கு வாயைத் திறக்கப் பயம். எந்தச் சத்தத்தை அது எப்படி எடுத்துக்கொள்ளுமோ. உள்ளே போய்த் தையல் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு, சுவரோரமாகவே நடந்து கம்பத்துக்குப் பின்னால் வந்தாள். முதுகுத் துணியைக் கழுத்திலிருந்து கீழ் வரை வெட்டினாள். இடது கைத் துணியை வெட்டி உரித்தாள். வலது கைக்கு வந்தபோது நாயின் மூச்சு அவள் விரல்மேல் சூடாகப் பட்டது. சாலமோன் கண்ணை மூடிக்கொண்டு, சத்தம் வராமல் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தான். கத்தரிக்கோல் மணிக்கட்டைத் தாண்டியது. சட்டை சேற்றில் விழுந்தது.

பார்வோன் சாலமோனை நிமிர்ந்து பார்த்தது. இப்போதுதான் வேலையிலிருந்து வந்தவனைப் பார்ப்பதுபோல் வாலை ஆட்டி, அவன் வெறும் வயிற்றை நக்கியது.

அவன் அங்கேயே சேற்றில் உட்கார்ந்தான். வெகுநேரம் நாயின் தலையைத் தடவிக்கொண்டிருந்தான். முகத்தில் மெல்ல மெல்லப் பழைய பெருமை திரும்பியது.

"பாத்தியா ஏஞ்சலு, நீ சொல்லாம தொடல பாரு! நாளைலேர்ந்து 'வுடு' கத்துக் குடுத்துடலாம்."

"எத வெச்சி கத்துக் குடுப்பீங்க? பொம்மதான் போச்சே."

"திருப்பிச் செஞ்சாலும் அதே கததான். பொம்ம கை கயண்டு வந்துடுது. அதான் அதுக்கு வுடவே தெரியல. கயலாத கையா இருக்கணும்."

சேற்றிலிருந்து சட்டையை எடுத்து உதறினான். தைத்தால் தேறும் என்றான். பிறகு ஏஞ்சலினை ஏற இறங்கப் பார்த்தான். தோளின் அகலத்தைப் பார்த்தான். கையின் நீளத்தைப் பார்த்தான்.

ஏஞ்சலின் கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை.