ஆறு முதல் ஆறரை வரை

ஆறு மணிக்கும் ஆறரைக்கும் நடுவில் அந்த வீட்டில் யாருக்காவது தும்மல் வந்தால் விழுங்கிவிட வேண்டும். அன்று காலை மாமனாருக்கு வந்தது தும்மலைவிட மோசம். மூக்குக்கண்ணாடியைக் காணவில்லை. முப்பது வருஷம் லிஃப்ட் இயக்கி ஓய்வு பெற்றவர், காது மந்தம். முணுமுணுப்பதாக நினைத்துக்கொண்டு அவர் பேசினாலே எதிர்வீட்டில் விளக்கு எரியும். அவர் வாயைத் திறந்ததுதான் தாமதம், மருமகள் சமையலறையிலிருந்து ஒரே ஓட்டமாக ஓடிவந்து, அவர் நெற்றியில் ஏறியிருந்த கண்ணாடியை இழுத்து மூக்கில் மாட்டினாள். பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

கூடத்து நடுவில் நீலப் பாயில் அவள் கணவர் கண்மூடி உட்கார்ந்திருந்தார். அவருக்கு மன அமைதி வந்துகொண்டிருந்தது.

டைல்ஸ் கிடங்கில் மேலாளர் வேலை அவருக்கு. வேலை நெருக்கடியில் ரத்த அழுத்தம் எகிறிவிட்டது. தினமும் அரை மணி நேரம் சும்மா உட்காரச் சொன்னார் டாக்டர். ஆறு மாதமாக ஒரு நாள் தவறாமல் உட்காருகிறார். அந்த அரை மணி நேரத்தில் மிக்ஸி ஓடாது. குழாய் நூல்போல்தான் ஒழுகும். மகள் பாடத்தை உதட்டால் மட்டும் படிப்பாள். கண்ணைத் திறக்கும்போது பக்கத்தில் டீ இருக்க வேண்டும், ஆறியிருக்கக் கூடாது. "மனசு வச்சா அமைதி தானா வரும்ப்பா" என்று கிடங்கில் எல்லோருக்கும் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

மனைவியின் பிழைப்போ சத்தத்தில். பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று எட்டிலிருந்து நாலு வரை ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். அவள் கிழக்கே என்றால் ஊரே மூட்டை முடிச்சோடு கிழக்கே ஓடும். அங்கே அவளை 'மைக் அக்கா' என்பார்கள். வீட்டில் 'உஷ்' என்பார்கள். தொண்டை கட்டி, தலை விண்விண்ணென்று தெறிக்க அவள் வீடு திரும்பும்போது பாத்திரம் குவிந்திருக்கும்.

அந்த மாதம் கணவரோடு டாக்டரிடம் துணைக்குப் போனாள். அவருக்குப் பார்த்து முடித்த டாக்டரம்மா, "நீங்களும் கையை நீட்டுங்கம்மா, சும்மாதானே இருக்கீங்க" என்றார். பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தவர், சந்தேகப்பட்டு இன்னொரு தடவையும் பார்த்தார்.

"இவரைவிட உங்களுக்குத்தான்மா அதிகம்! இவருக்குச் சொன்னதுதான் உங்களுக்கும். தினம் அரை மணி நேரம். வேலை கிடையாது, பேச்சு கிடையாது, யாரும் கூப்பிடக் கூடாது. ஒரு மாசம் கழிச்சு ரெண்டு பேரும் வாங்க."

அவளுக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. தனக்கு ஒரு வியாதி வந்திருக்கிறது, அதற்கு ஓய்வுதான் மருந்து என்று ஒரு படித்தவர் வாயால் கேட்டாயிற்று.

கணவர் கெட்டவர் இல்லை. அன்று சாயங்காலமே அட்டவணை போட உட்கார்ந்துவிட்டார். ஆறு மணி அவருடையது. ஏழு மகளுடையது. எட்டிலிருந்து பேருந்து நிலையம். அதற்குப் பிறகு சமையல், மாமனாரின் மாத்திரை, மகளின் பாடம், மறுபடி சமையல். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, அழித்து, கடைசியில் முகம் மலர்ந்தார்.

"கண்டுபிடிச்சிட்டேன்! நாலரை மணி. கொஞ்சம் முன்னாடி எழுந்துக்கோ, அவ்வளவுதான். யாருக்கும் இடைஞ்சல் இல்ல பாரு."

"தூக்கம்...?"

"தியானம் பண்ணினா தூக்கமே தேவைப்படாதுன்னு சொல்றாங்க."

"லிஃப்ட்ல முப்பது வருஷம் நின்னேன்" என்றார் மாமனார், தெருவுக்கே கேட்க. "எனக்கு எவன் அரை மணி குடுத்தான்?"

அவருக்கு அந்த வருஷங்களில் சுடச்சுடச் சாப்பாடு கட்டிக் கொடுத்த மாமியாருக்கு எவன் கொடுத்தான் என்று கேட்க மருமகளுக்கு நாக்கு துடித்தது.

ஒரு வாரம் நாலரைக்கு எழுந்தாள். உட்கார்ந்த நிமிஷமே தலை மார்பில் தொங்கியது. அரைத் தூக்கத்தில் சமையல், அரைத் தூக்கத்தில் வேலை. எட்டாம் நாள் பத்து மணி நெரிசலில், மைக் திறந்திருக்கும்போது, வெளியே ஏதோ ஒரு குழந்தை வீறிட்டது. அவள் வாய் தன்பாட்டுக்குப் பேசியது.

"உஷ்! சத்தம் போடாதே கண்ணு. அப்பா கண்ணை மூடி உக்காந்திருக்காரு."

பதினான்கு ஒலிபெருக்கிகளும் அதைச் சொல்லின. பேருந்து நிலையம் கப்சிப்பென்று ஆனது. ஓட்டுநர்கள் ஹாரனிலிருந்து கையை எடுத்தார்கள். சுமை தூக்குபவர் ஒருவர் பெட்டியைப் பூப்போலக் கீழே வைத்தார். அழுத குழந்தைகூட வாயை மூடிக்கொண்டது. அப்புறம் யாரோ ஒருவர் குபீரென்று சிரிக்க, நிலையமே சிரித்தது.

பக்கத்து நாற்காலியில் வண்டிகளின் நேரம் குறிக்கும் பெண் எட்டி மைக்கை அணைத்தாள். "யக்கா, உங்க வீட்டுல ஒருத்தர் கண்ணை மூடினதுக்கு இங்க நாலாயிரம் பேர் வாயை மூடணுமா?"

மைக் அக்காவும் சிரித்தாள். வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தபோது அழுகை வந்துவிட்டது. தன்மேலேயே அவளுக்கு அப்படி ஒரு கோபம். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, மூன்றாம் நடைமேடை வண்டியைச் சரியாக அறிவித்தாள்.

மறுநாள் நன்றாகத் தூங்கி ஐந்தரைக்கு எழுந்தாள். ஆறு அடித்தது. அவர் பாயை விரித்தார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைப் பூங்காவுக்கு நடந்தாள். தியானமெல்லாம் அவளுக்குத் தெரியாது. ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு நாய்கள் ஒரு தேங்காய்நாருக்குச் சண்டை போடுவதைப் பார்த்தாள். யாரும் கூப்பிடவில்லை. அப்படி ஒரு சுகம் இருக்கிறதென்றே அவளுக்கு இத்தனை நாள் தெரியாது.

திரும்பி வந்தபோது வீடு ரணகளமாக இருந்தது. மாமனார் மாத்திரை கேட்டுக் கத்தியிருக்கிறார். மகள் பாடத்தை உரக்கப் படித்திருக்கிறாள். பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்கிறது.

"இன்னிக்கு எனக்குத் தியானமே நடக்கல" என்றார் கணவர் இறுகிய முகத்தோடு.

"எனக்கு நல்லா நடந்துச்சுங்க" என்றாள் அவள்.

மூன்று வாரம் அப்படியே போயிற்று. மகள் தன் பையைத் தானே அடுக்கப் பழகினாள். மாமனார் மாத்திரை டப்பாவைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். கணவர் மட்டும் பாயில் உட்கார்ந்து, குழாய்ச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு கண்ணைத் திறந்து முறைத்துக்கொண்டிருந்தார்.

மாதம் முடிந்து போனபோது டாக்டரம்மா இருவருக்கும் பார்த்தார். அவளுக்கு இறங்கியிருந்தது. அவருக்குக் கொஞ்சம் ஏறியிருந்தது.

போதாதா? கணவரின் அக்கா அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினாள். "தம்பிக்கு ஏறினதுக்குக் காரணம் இவ ஊர் சுத்தப் போறதுதான். ஒரு குடும்பப் பொம்பளைக்கு மனசு, அமைதின்னு தனியா என்ன வேண்டிக்கிடக்கு? உக்காந்து பேசி ஒரு முடிவுக்கு வரணும்" என்றாள். எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்து ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி என்று முடிவாயிற்று.

ஞாயிறு காலை கூடத்தில் நாற்காலிகள் போட்டாயிற்று. மாமனார் நடுவில். கணவர் பாயைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு வாதியும் நீதிபதியுமாகப் பக்கத்தில். நாத்தனார் தொண்டையைச் செருமினாள். "வா, இப்படி உக்காரு. உன்னைப் பத்தித்தான் பேச்சு."

மருமகள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு.

"நீங்க பேசிட்டு இருங்க அண்ணி" என்று செருப்பை மாட்டிக்கொண்டாள். "ஆறரைக்கு வந்து கேட்டுக்கறேன்."