இருபத்திரண்டாவது மீட்டரில் ஒரு மிட்டாய்

அல்மாட்டியில் நாங்கள் செய்த செயற்கைக்கோள் ஒரு செருப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். அதற்குள் ஒரு லேசர் கருவி. எதிரில் இருப்பதன் மேல் ஒளியை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைச் சொல்லிவிடும். அன்றைய சோதனையில் தேறினால் ராக்கெட்டில் எங்களுக்கு இடம். தவறினால் அந்த இடம் வேறொரு பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும். கருவியைச் செய்த சந்துகாஷ் காலையிலிருந்து தேநீர்கூடக் குடிக்கவில்லை.

செயற்கைக்கோளைத் தள்ளுவண்டியில் ஏற்றி, நீண்ட நடைகூடத்தின் ஒரு கோடிக்குக் கொண்டுபோனோம். நல்ல காரியம் என்றால் எங்கள் பக்கம் மிட்டாய் இறைக்காமல் விடமாட்டார்கள். அலுவலகத்துக் கௌஹர் அக்கா வழிநெடுக அள்ளி வீச, ஆளாளுக்குப் பொறுக்கினோம். சோதிக்க வந்த தெமிர்ஹான் மட்டும் பாதி வழியில் சுவரோரமாக விறைப்பாக நின்றார்.

அறுபது மீட்டர் தள்ளி, மறுகோடியில் வெள்ளைப் பலகை. சந்துகாஷ் பொத்தானை அழுத்தினாள். திரையில் இருபத்திரண்டு புள்ளி நான்கு.

"இன்னொரு தடவ அழுத்தும்மா," என்றார் தெமிர்ஹான்.

அதே எண்.

"நேத்து வரைக்கும் சரியா சொல்லிச்சு ஐயா!"

"நேத்து நான் வரலயே."

"ஐயோ, என் மிட்டாய்க்கு ராசி போயிடுச்சா?" என்றார் கௌஹர் அக்கா.

"சும்மா இருங்கக்கா, உங்க மிட்டாய்..." சந்துகாஷ் பாதியில் நிறுத்தினாள். "டேப்ப எடுங்க!"

நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். இருபத்திரண்டு புள்ளி நான்கில், கட்டடத்தைச் சூடாக்கச் சுவரோரம் ஓடும் வெந்நீர்க் குழாயின் திருகு. அதன் பின்னால் செருகிய ஒரு மிட்டாய்த் தாள், பளபளவென்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. போகப் போக விரியும் ஒளியின் ஓரம் அதில் பட்டிருக்கிறது. முதலில் திரும்பி வருவதைத்தான் கருவி கணக்கில் எடுக்கும்.

"தின்னுட்டு இங்கயா சொருகுவீங்க? எந்தப் புண்ணியவான்டா அது?" என்று கத்தினார் அக்கா.

தெமிர்ஹானின் காது சிவந்தது.

"எனக்குச் சர்க்கரை," என்றார் மெதுவாக. "வீட்டுக்காரி தினமும் சட்டைப் பையத் துழாவுறா."

தாளை எடுத்துவிட்டு அழுத்தினாள் சந்துகாஷ். அறுபது.

"அவகிட்ட மாட்டாதவன் இதுகிட்ட மாட்டிக்கிட்டேன்," என்றார் அவர். "போங்க, இடம் உங்களுக்குத்தான்."

கௌஹர் அக்கா ஓடிவந்து இன்னொரு மிட்டாயை அவர் கையில் திணித்தார். தெமிர்ஹான் தாளைப் பிரிக்கப் போனவர், தள்ளுவண்டியைப் பார்த்து நிறுத்தினார்.

"முதல்ல அத அந்தப் பக்கம் திருப்புங்க."