அவர் பக்கத்து வெயில்

என் வீட்டுக்காரருக்குக் கத்தரிக்கோல் பிடிக்கத் தெரியாது. கிடங்கில் பெட்டி கட்டுகிற மனிதர். நாடா ஒட்டுவார், கயிறு இழுத்து முடிவார். கோட்டின்மேல் நேராக வெட்டச் சொன்னால் மட்டும் கை தன் இஷ்டத்துக்குப் போகும். அப்பேர்ப்பட்டவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் நின்ற எங்கள் பழைய காரின் கண்ணாடிமேல் செய்தித்தாளைப் பரப்பிப் பென்சிலால் அளவு வரைந்துகொண்டிருந்தார். முன்பக்கம், இடதுபுறக் கண்ணாடி. நான் உட்காரும் பக்கம்.

"என்ன கூத்து இது?" என்றேன்.

"வெயில் அடிக்குதுல்ல. உன் பக்கத்துக்கு ஒரு மறைப்பு."

"அதான் கடையில விக்கிறானே."

"அது நாலு நாள்ல சுருண்டுக்கும். வீட்டுலயே செஞ்சுடலாம், பைசா செலவில்லாம."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெயிலாம்! காலையில் வேலைக்குப் போகும்போது வெயில் அவர் பக்கம்தான் அடிக்கும். சாயங்காலம் அதே சாலையில் திரும்பினால் சூரியனும் இடம் மாறியிருக்கும், அப்போதும் அவர் பக்கம்தான். என் பக்கத்தில் வெயிலே கிடையாது. என் பக்கத்தில் வருவது வேறு. பாலம் இறங்கியதும், டயர் கடைக்கு அடுத்தாற்போல் ஒரு பேருந்து நிறுத்தம் வரும். அங்கேதான் எங்கள் பெண்ணை லாரி அடித்தது. கல்லூரி முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கியவள். எங்களுக்கு அவள் ஒருத்திதான்.

அதற்கப்புறம் நான் வேலைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரித் துணிக்கிடங்கில் எனக்குத் தையல் வேலை. கிழிந்த விரிப்பு, பொத்தான் போன அங்கி எல்லாம் என் மிஷினுக்குத்தான் வரும். அங்கே மேற்பார்வை பார்க்கிற அம்மா நல்லவர், இத்தனை மாதம் பொறுத்தார். போன வாரம் ஃபோன் செய்து, "திங்கக்கிழமை வந்துடும்மா. இதுக்கு மேல என்னால இழுத்துப் பிடிக்க முடியாது. வேற ஆளப் போட்டுடுவாங்க" என்றார். அந்த வேலையும் போனால், மூடிக் கிடக்கும் அவளுடைய அறைக் கதவைப் பார்த்துப் பார்த்தே நான் செத்துப்போவேன். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஆற்றைத் தாண்ட அந்த ஒரு பாலம்தான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஒத்திகை மாதிரி என்னை ஏற்றிக்கொண்டு போனார். பாலம் இறங்கும்போதே, ஓடுகிற காரின் கதவை நான் திறந்துவிட்டேன். ஒரு கையால் என்னை இழுத்துப் பிடித்தபடி ஓரம் கட்டி, வண்டியைத் திருப்பி, வீட்டில் கொண்டுவந்து சேர்த்தார். ஞாயிற்றுக்கிழமை இந்தச் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

கிடங்கில் ஃபிரிட்ஜைச் சுற்றி வருகிற விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். ஒரு பக்கம் வெள்ளிபோல் பளபளக்கும், மறுபக்கம் நுரை. அதை அவர் வெட்டுகிற அழகைப் பார்த்துப் பொறுக்க முடியவில்லை.

"குடுங்க இப்படி. எலி கடிச்ச மாதிரி இருக்கு."

நான் புதிதாக வெட்டினேன். தாள் அளவைவிடச் சுற்றிலும் ஒரு விரல் கூடுதலாக விட்டேன், அப்போதுதான் கண்ணாடிச் சட்டத்துக்குள் அழுத்தமாக உட்காரும். முன் மூலையில் மட்டும் ஒரு துண்டை எடுக்கச் சொன்னார். "அங்க சைடு மிரர் தெரியணும் எனக்கு." துணி காயப்போடுகிற கம்பியில் மிச்சம் கிடந்ததைச் சட்டம்போல வளைத்துக் கொடுத்தார். அதை ஓரத்தில் வைத்துக் கருப்பு நாடாவை மடித்துத் தைத்தேன். குளியலறைச் சுவரில் ஒட்டியிருந்த ரப்பர் கொக்கிகளில் இரண்டைப் பிடுங்கி மேலே பொருத்தினோம். வெகுநாள் கழித்து மிஷினில் உட்கார்ந்தேன், கால் பழக்கத்தை மறக்கவில்லை.

"உங்க பக்கத்துக்கும் ஒண்ணு அடிச்சுத் தரட்டா? வெயில் அங்கதான் அடிக்குது" என்றேன். குத்தலாகத்தான் கேட்டேன்.

"ஓட்டறவன் கண்ண மறைக்கக் கூடாது" என்றார்.

திங்கட்கிழமை காலை, பாலம் இறங்கும்போது நான் அந்த வெள்ளி மறைப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சம்பந்தமே இல்லாமல், அவர் கிடங்கு மேனேஜர் தன் மூக்குக்கண்ணாடியையும் பெட்டிக்குள் வைத்துக் கட்டி அனுப்பிவிட்ட கதையைச் சொன்னார். டயர் கடையில் காற்றடிக்கிற சத்தம் கேட்டது. வந்துவிட்டது என்று தெரிந்தது. இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டேன். சத்தம் பின்னால் போய்விட்டது. கதவு மூடியே இருந்தது.

ஆஸ்பத்திரியில் எனக்காக ஒரு மலை துணி காத்திருந்தது. சாயங்காலம்வரை தைத்தேன்.

திரும்பி வரும்போதுதான் எனக்கு உறைத்தது. இப்போது நிறுத்தம் என் பக்கத்தில் இல்லை, அவர் பக்கத்தில். அங்கே மறைப்பு கிடையாது.

"நிறுத்தம் வரப்போகுது. இந்தப் பக்கம் திரும்பாத. உன் தையலயே பாரு" என்றார் அவர்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். வெயில் நேராக அதில் அடித்தது. அவள் காரியம் முடிந்த கையோடு வேலைக்குப் போக ஆரம்பித்த மனிதர் இவர். அன்றிலிருந்து தினமும் போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம், தன்னந்தனியாக இதைத் தாண்டியிருக்கிறார். எப்படித் தாண்டினீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. எனக்கென்று ஒரு மறைப்பு செய்யத் தெரிந்தது, தனக்கு ஒன்றுமில்லை. அடப் பாவி மனுஷா!

அவர் கண் சாலையில்தான் இருந்தது. உதடு மட்டும் அசைந்தது. எனக்குக் கேட்கக் கூடாதென்றுதான் அவ்வளவு மெதுவாகச் சொன்னார்.

"குட்டிம்மா, அப்பா வீட்டுக்குப் போறேன்டா."

"நிறுத்துங்க" என்றேன்.

சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கதவத் திறக்க மாட்டேன். ஓரமா நிறுத்துங்க."

நிறுத்தினார். அவர் தோளுக்கு அப்பால், சாலைக்கு எதிர்ப்புறம் நான் பார்த்தேன். ஒரு கம்பம், ஒரு பெஞ்சு, பையோடு நின்ற நாலைந்து பேர். கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது. ஆனாலும் பார்த்தேன்.

"தினம் அவகிட்ட சொல்லிட்டுத்தான் வர்றீங்களா?"

தலையை ஆட்டினார். அப்புறம் நெற்றியை ஸ்டியரிங்மேல் வைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதார். அவளை எடுத்துக்கொண்டு போன அன்றுகூட அழாத மனிதர். எதிரே நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பைக்கில் போன ஒருவன் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்தான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் பக்கத்து மறைப்பைப் பிடுங்கினேன். திருப்பிப் பிடித்து, அவருக்குக் குறுக்கே எக்கி, அவர் கண்ணாடியில் வைத்து அழுத்தினேன். அளவு அச்சாகப் பொருந்தியது. கொக்கிதான் தூசியில் ஒட்டவில்லை, அதனால் கையாலேயே பிடித்துக்கொண்டேன். வெயிலும் நின்றது, எட்டிப் பார்ப்பவர்களும் மறைந்தார்கள்.

"அழுங்க. இப்ப யாரும் பாக்கல" என்றேன்.

வெகுநேரம் அழுதார். ஒரு முறை முகத்தை நிமிர்த்தி, நீட்டியிருந்த என் கையைப் பார்த்தார்.

"கை வலிக்கலையா உனக்கு?"

"வலிக்குதுதான். நீங்க அழுது முடிங்க, அப்புறம் எடுக்கறேன்."