முதலில் யார் தட்டுவது

எங்கள் ஓபரா ரசிகர் வட்டத்தில் இருபத்தெட்டு பேர். எல்லோருக்கும் வாய் உண்டு. கை மட்டும் நெவியோவுக்குத்தான்.

தியேட்டரின் மேல் கேலரியில், முதுகு சாய முடியாத மரப் பெஞ்சில் உட்காருவோம். ஒரு பாட்டு முடிந்தால் நெவியோ தட்டும்வரை எங்களில் யாரும் தட்டமாட்டோம். நாங்கள் தட்டாமல் கேலரி தட்டாது. கீழே வெல்வெட் நாற்காலியில் இருக்கும் பெரிய மனிதர்களும் கேலரியை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் கையை எடுப்பார்கள். எந்தப் பாடகியும் அந்த மேடைக்கு வந்தால் கும்பிடுவது மேலே பார்த்துத்தான்.

நெவியோ பல் வைத்தியர். அடுத்தவர் வாய்க்குள் குறை தேடியே காலம் தள்ளியவர் என்று நான் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். தன் சொந்தக்காரர் மேடையில் இருந்தால் ஒருவர் கை தட்டக் கூடாது என்று வட்டத்துக்கு விதி போட்டவரும் அவர்தான். ஒருமுறை எங்களில் ஒருவனான துல்லியோ தன் அக்காள் மகன் பாடியதற்குத் தட்டிவிட்டான். அந்த சீசன் முழுக்க அவனோடு நெவியோ பேசவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேடையில் பாட இருந்தது நெவியோவின் ஒரே மகள் மிர்தா.

வயது முப்பத்தாறு. ஊர் ஊராகச் சின்ன வேஷங்கள் பாடிக் களைத்துப்போனவள். ஜெர்மனியில் ஒரு தியேட்டர் அவளைக் கோரஸில் நிரந்தரமாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். அந்த நேரம் பார்த்து எங்கள் தியேட்டரில் ஒரு பாடகி நோயில் படுக்க, மூன்றாம் அங்கத்தின் பெரிய பாட்டு மிர்தாவுக்கு வந்தது. அவள் அம்மா போன பிறகு அந்த வீட்டில் நல்ல நாள் என்றால் சாப்பாட்டுக்குக் குடும்ப சிநேகிதியாக நானும் இருப்பேன். அன்று மதியமும் இருந்தேன்.

"மேல இருந்து தட்டினாங்கன்னா இங்கயே இருந்து இன்னும் முட்டி மோதிப் பாக்குறேன்," என்றாள். "இல்லன்னா நாளைக்கே கையெழுத்துப் போட்டுடுவேன். கும்பலோட கும்பலா நின்னு பாடிட்டுப் போறேன். எனக்கும் அலுத்துப்போச்சுப்பா."

"நல்லாப் பாடினா ஜனங்க தட்டுவாங்க," என்றார் நெவியோ. "அதுக்கு நான் என்ன பண்றது?"

அதை அவர் கர்வத்தில் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படி நம்பினார். தான் தட்டித்தான் எல்லோரும் தட்டுகிறார்கள் என்பது அந்த மனிதருக்குத் தெரியவே தெரியாது. எல்லோர் காதும் தன் காதைப் போல என்று நினைத்திருந்தார்.

தியேட்டருக்குப் போகும் எங்கள் வட்டத்தின் பஸ்ஸில் சலாமி இறைச்சி வைத்த ரொட்டியும் சிவப்பு ஒயினும் கைமாறின. துல்லியோ வழக்கம்போல் வம்புக்கு இழுத்தான்.

"இன்னைக்கு டாக்டரோட கைக்கு லீவு. பாக்கெட்டுக்குள்ள போட்டுப் பூட்டிக்குங்க."

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்," என்றார் நெவியோ. பெருமையாகவே சொன்னார்.

அப்படியானால் யார் ஆரம்பிப்பது என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. யார் பக்கத்தில் யார் உட்காருவது என்று அரை மணி நேரம் சண்டை போட்டோம். இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மிர்தா பாடினாள். நான் முகஸ்துதி செய்கிறவள் இல்லை. அவள் சிறு வயதில் பாடியபோது காதைப் பொத்திக்கொண்டவள் நான். அன்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. உச்சத்தில் அந்தக் கடைசி சுரத்தைத் தொட்டு, நிறுத்தி, நூல் இழையாக மெலியவிட்டாள். முடிந்தது.

யாரும் தட்டவில்லை.

நாங்கள் எல்லோரும் நெவியோவைப் பார்த்தோம். அவர் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்திருந்தார். கண்ணில் நீர் கோத்திருந்தது. கேலரி எங்களைப் பார்த்தது. கீழே இருந்தவர்கள் கேலரியைப் பார்த்தார்கள். இசைக்குழுவை நடத்துபவர் கோலைத் தூக்கியபடி கைத்தட்டலுக்காகக் காத்திருந்தார். கீழே இரண்டு பேர் தட்டத் தொடங்கி, வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டார்கள். என் கையும் மடியிலேயே கிடந்தது. பழக்கம் என்பது எவ்வளவு கேவலமான விலங்கு.

கேலரியின் அந்தக் கோடியிலிருந்து ஒருவன் விசில் அடித்தான். எங்கள் ஊரில் விசில் என்றால் காறித் துப்புவது மாதிரி. கோல் இறங்கியது, அடுத்த காட்சிக்கு இசை கிளம்பிவிட்டது. மிர்தா ஒரு கணம் மேலே பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

ஆட்டம் முடிந்ததும் நெவியோவும் நானும் பின்வாசலுக்குப் போனோம். முகப்பூச்சைக் கழுவிவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு வந்தாள். அழுத முகம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"மிர்தா," என்றார் நெவியோ. "முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஒரு குறை சொல்ல முடியாது. நாப்பது வருஷமா கேக்குறேன், இந்த மாதிரி யாரும் பாடினதில்ல."

"அப்படியாப்பா?"

"சத்தியமா."

"இத அங்க இருந்து சொல்லியிருக்கணும்." தியேட்டரின் கூரைப் பக்கம் கண்ணைக் காட்டினாள். "இங்க நின்னு சொன்னா எனக்கு மட்டுந்தான கேக்கும்."

"நான் எப்படிம்மா தட்டுறது? நீ என் பொண்ணு."

"ஆமா," என்றாள். "அதான் பிரச்சனை."

கோபமே இல்லாமல் அவர் கோட்டுக் காலரைச் சரிசெய்தாள். என் கன்னத்தில் முத்தமிட்டாள். "பனி விழுது, அப்பாவ பஸ்ஸுக்குக் கூட்டிட்டுப் போங்க ஆர்ஜியா அத்த," என்று சொல்லிவிட்டு டிராம் நிற்கும் இடத்துக்கு நடந்தாள். நான் கூப்பிட்டேன். கையை மட்டும் ஆட்டினாள், திரும்பவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் நெவியோ ஒவ்வொரு பாடகராக எடுத்து அலசித் தீர்ப்புச் சொல்வது வழக்கம். அதைக் கேட்கத்தான் பாதிப் பேர் வருவதே. அன்று அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். ஊர் விளக்குகள் எல்லாம் பின்னால் போய், இரண்டு பக்கமும் வயல்வெளி பனிமூட்டமாகக் கிடந்தது. துல்லியோதான் தாங்க முடியாமல் எட்டிக் கேட்டான்.

"ஜெர்மனிக்கா?"

நெவியோ தலையாட்டினார். பிறகு சீட்டின் கம்பியைப் பிடித்து எழுந்து, இரண்டு வரிசை சீட்டுகளுக்கும் நடுவில் நின்றார். எதிரே வண்டியின் முன்கண்ணாடிதான், அதற்கு அப்பால் சாலைதான். அந்தப் பக்கம் பார்த்துக் கை தட்டத் தொடங்கினார். கேலரியில் தட்டுவதுபோலவே, முதலில் மெதுவாக, பிறகு பலமாக. நாங்களும் சேர்ந்துகொண்டிருக்கலாம். எங்கள் வழக்கப்படி அவர் தட்டினால் அடுத்து எங்கள் முறைதான். யாராலும் முடியவில்லை.

டிரைவர், யாரோ கை தட்டி வண்டியை நிறுத்தச் சொல்வதாக நினைத்து, வண்டியின் வேகத்தைக் குறைத்து, சாலையோரமாக நிறுத்தினான்.

"யார் இறங்கணும்?" என்றான்.